காவல் நாயின் காது வீங்கியிருக்கிறது, கீறி விடலாமா?

கேள்வி: தாராபுரம் பக்கம் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) செம்மறி வைத்திருக்கிறேன். பட்டிக் காவலுக்கு இருக்கும் நாட்டு நாய் கொஞ்ச நாளாகத் தலையை உதறிக்கொண்டே இருந்தது. இப்போது இடது காது மடல் பணியாரம் மாதிரி உப்பிவிட்டது, தொட்டால் மெத்தென்று இருக்கிறது. பிளேடால் கீறினால் வடிந்துவிடும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். செய்யலாமா, மாட்டாஸ்பத்திரிக்குப் போகணுமா?

பதில்: கீறாதீங்க. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உள்ளே இருப்பது சீழ் இல்லை, பெரும்பாலும் ரத்தம். நாய் விடாமல் உதறி, பின்காலால் பிராண்டும்போது மடலுக்குள் சின்ன ரத்தக் குழாய் உடைந்து, தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் ரத்தம் தேங்குகிறது. கீறினால் வடியும், சரி, ஆனால் தோல் விலகிய இடம் அப்படியே இருப்பதால் திரும்ப நிரம்பும், போதாததற்குப் பட்டி ஈ அந்தப் புண்ணில் முட்டையிட்டுப் புழு வைத்துவிடும்.

ஆஸ்பத்திரியிலேயே ஊசியால் உறிஞ்சி மட்டும் விட்டால் பல நாய்களுக்கு மறுபடி வீங்குகிறது. அதனால் உறிஞ்சிவிட்டு ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள், இல்லையென்றால் மயக்கம் கொடுத்து, ரத்தத்தை வெளியேற்றி, தோல் குருத்தெலும்போடு ஒட்டுகிற மாதிரி வரிசையாகத் தையல் போடுவார்கள். தையலைப் பிரிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை பிராண்டாமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டி வைக்கணும். காவலுக்கு வேறு நாய் பாருங்கள்.

எதற்கு உதறியது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியம். உண்ணி, காதுப் பூச்சி, பூஞ்சை, சீழ், உள்ளே ஏறிய புல் விதை, எதுவாகவும் இருக்கலாம். மேய்ச்சல் காட்டில் திரியும் நாய்க்கு நான் முதலில் உண்ணியையும் புல் விதையையும்தான் சந்தேகப்படுவேன். அதைச் சரிசெய்யாமல் மடலை மட்டும் தைத்தால் பணம் வீண்.

விட்டால் தானாக வற்றாதா என்று கேட்பீர்கள். வற்றும், ஆனால் வாரக்கணக்கில் ஆகும், மடல் சுருங்கித் தடித்துப்போகும், அதுவரை வலியும் இருக்கும். ஓரிரண்டு நாளுக்குள் காட்டிவிடுங்கள். தலையை ஒரு பக்கம் சாய்த்து நடந்தாலோ, தள்ளாடினாலோ, காதிலிருந்து சீழோ ரத்தமோ வந்தாலோ, தீனி எடுக்காமல் காய்ச்சலாகக் கிடந்தாலோ அன்றைக்கே போங்கள். ஈறு வெளுத்திருந்தால், மூக்கில் ரத்தம் வந்தால், தோலில் ரத்தத் திட்டு தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளாதீர்கள். உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும், சில வகை எலி மருந்து தின்ற நாய்க்கும் ரத்தம் உறையாது. தோட்டத்தில் எலி மருந்து வைத்திருந்தால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், திட்டமாட்டார்.

அதுவரை காதுக்குள் வேப்பெண்ணெய், சுண்ணாம்பு, ஆட்டுக்கு வைத்திருக்கும் உண்ணி மருந்து எதையும் ஊற்றாதீர்கள், செவிப்பறை கிழிந்திருந்தால் கெடுதல். மனிதர்களுக்கான வலி மாத்திரையும் வேண்டாம், ஐபுபுரூஃபன் நாய்க்கு விஷம். பிடிக்கும்போது வாயைத் துணியால் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள், வலியில் சொந்த நாயும் கடிக்கும். வெறிநாய்த் தடுப்பூசி போட்டு வருஷம் தாண்டியிருந்தால் அதையும் டாக்டரிடம் கேளுங்கள். வண்டி வசதி இல்லையென்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழைத்துப் பாருங்கள், அறுவை தேவை என்றால் உடுமலைப்பேட்டை, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரிக்கலாம்.