பேராசிரியர் ஆக நினைக்கும் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

"வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் வகுப்பு, நீண்ட விடுமுறை, ஊரில் மரியாதை. இதைவிட நிம்மதியான வேலை உண்டா?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. "படித்துக்கொண்டே இருப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள்" என்று நினைக்கும் மாணவர்களும் உண்டு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் முனைவர் பட்டத்துக்கு நாலைந்து ஆண்டுகளை ஒதுக்கும் முடிவை அந்தக் கொஞ்சத்தை நம்பி எடுக்கக் கூடாது. இந்த வேலையில் அடி எங்கே விழும், ஏன் விழும் என்று தெரிந்துகொண்டு வருபவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். தெரியாமல் வருபவர்கள் முதல் இரண்டு, மூன்று அடிகளிலேயே "எனக்குத் திறமை போதாது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது திறமைக் குறைவாக இருப்பதில்லை. வேலையின் அமைப்பே அப்படி.

முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு 12 மணி நேர வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் முறையாக எடுக்கும் பாடமென்றால் ஒரு மணி நேர வகுப்புக்கு மூன்று, நான்கு மணி நேரத் தயாரிப்பு சாதாரணமாகத் தேவைப்படும். அந்தப் பன்னிரண்டில் நான்கு மணி நேரம் புதுப் பாடமாக இருந்தாலே தயாரிப்புக்கு 12 முதல் 16 மணி நேரம் போய்விடும். மீதி எட்டு மணி நேர வகுப்புக்கும் பழைய குறிப்புகளைப் புதுப்பிக்க இன்னொரு எட்டு மணி நேரம். 60 மாணவர்களின் கட்டுரைகளை ஆளுக்கு 15 நிமிடம் வீதம் திருத்தினால் 15 மணி நேரம். ஆக, திருத்தும் வாரத்தில் ஐம்பது மணி நேரத்தை ஒட்டிவிடுகிறது. ஆராய்ச்சி இன்னும் தொடங்கவே இல்லை. கூட்டங்கள், தேர்வுப் பணி, மாணவர் சேர்க்கை, தர மதிப்பீட்டுக்கான கோப்புகள் எதுவும் இதில் சேரவில்லை. அந்த "நீண்ட விடுமுறை"தான் பலருக்கு ஆய்வு எழுதக் கிடைக்கும் ஒரே காலம்.

இதைச் சமாளிக்க வழி இருக்கிறது. வேலையில் சேரும்போதே, முதல் இரண்டு ஆண்டுகளில் ஒரு பருவத்துக்கு ஒன்றுக்கு மேல் புதுப் பாடம் வேண்டாம் என்று துறைத்தலைவரிடம் பேசிவிட வேண்டும். சேர்ந்த பிறகு கேட்பதைவிடச் சேரும் முன் கேட்பது எளிது. விடைத்தாள் திருத்துவதற்கு முன்பே எதற்கு எத்தனை மதிப்பெண் என்று ஒரு பக்கத்தில் எழுதி மாணவர்களுக்கும் கொடுத்துவிட்டால் திருத்தும் நேரம் குறையும், "எனக்கு ஏன் குறைத்தீர்கள்" என்று வரும் சச்சரவும் குறையும். எழுத்துக்கென்று வாரத்தில் மூன்று நாள், தலா 90 நிமிடம், கால அட்டவணையில் வகுப்பைப் போலவே குறித்துவைக்க வேண்டும். நேரம் கிடைக்கும்போது எழுதலாம் என்று விட்டால் அந்த நேரம் வரவே வராது.

இந்த வேலையில் மிகச் சாதாரணமாக நடப்பது ஆய்வுக்கட்டுரை நிராகரிக்கப்படுவது. புதியவர்களை மிகவும் நோகடிப்பதும் அதுவே. கட்டுரையை முதலில் எடிட்டர் பார்ப்பார். இதழின் எல்லைக்குள் வரவில்லை, புதுமை போதவில்லை, வடிவ விதிகளைப் பின்பற்றவில்லை என்றால் சில நாள்களிலோ வாரங்களிலோ திரும்பிவிடும். இதை டெஸ்க் ரிஜெக்ட் என்பார்கள். அதைத் தாண்டினால், கட்டுரையை மதிப்பிடும் அதே துறை வல்லுநர்கள் இரண்டு, மூன்று பேருக்கு, அதாவது ரிவியூவர்களுக்குப் போகும். அவர்கள் பெரும்பாலும் ஊதியம் இல்லாமல், தங்கள் வேலைகளுக்கு நடுவே படித்துக் கொடுப்பவர்கள். அதனால் மூன்று மாதம், ஆறு மாதம் ஆவது இயல்பு. சில துறைகளில் ஓராண்டைத் தாண்டும். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது என்பதால், மூன்று இதழ்கள் வரிசையாக மறுத்தால் ஒரு கட்டுரைக்கே இரண்டு ஆண்டுகள் ஓடிவிடக்கூடும். ஆகவே வெவ்வேறு கட்டத்தில் இரண்டு, மூன்று கட்டுரைகள் எப்போதும் கையில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் நம்பி உட்கார்ந்தால் பதவி உயர்வுக்கான காலம் கடந்துவிடும்.

மறுப்புக் கடிதம் வந்தால் ஒரு முறை படித்துவிட்டு இரண்டு நாள் மூடி வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு குறைக்கும் எண் கொடுத்து மூன்று நெடுவரிசை கொண்ட அட்டவணை போட வேண்டும்: ரிவியூவர் சொன்னது, நம் பதில், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் மாற்றம். ரிவியூவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், அந்த இடத்தில் எழுத்து தெளிவாக இல்லை என்றே எடுத்துக்கொண்டு பத்தியைத் திருத்துவது நல்லது. எல்லாக் குறையையும் ஏற்க வேண்டியதும் இல்லை. ஏற்க முடியாததற்குச் சான்றோடு காரணம் எழுதினால் எடிட்டர்கள் கேட்பார்கள். "மேஜர் ரிவிஷன்", அதாவது பெரிய அளவில் திருத்தி மறுபடி அனுப்புங்கள் என்று பதில் வருவது நல்ல செய்தி. அதை மறுப்பு என்று நினைத்துக் கட்டுரையைக் கிடப்பில் போடுபவர்கள் நிறையப் பேர். அந்த இழப்பு முழுக்கத் தவிர்க்கக்கூடியது.

பீட்டர் ஹிக்ஸ் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளரின் கதை இங்கே பொருந்தும். அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்ற கோட்பாடு பற்றி 1964-இல் அவர் எழுதிய இரண்டாவது கட்டுரையை ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ் இதழ் மறுத்தது. அவர் அதில் ஒரு பகுதியைக் கூடுதலாகச் சேர்த்து, இந்தக் கோட்பாட்டின்படி ஒரு புதிய துகள் இருக்க வேண்டும் என்பதை வெளிப்படையாக எழுதி, ஃபிசிகல் ரிவியூ லெட்டர்ஸ் இதழுக்கு அனுப்பினார். அது வெளியானது. அந்தத் துகளைக் கண்டதாக 2012 ஜூலை 4 அன்று ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் அறிவித்தது. அடுத்த ஆண்டு அவருக்கு நோபல் பரிசு. மறுப்பு வந்ததால்தான் கட்டுரை கூர்மையானது. எல்லா மறுப்பும் இப்படி முடியாது என்றாலும், மறுத்த பிறகு கட்டுரையைத் தொட்டுத் திருத்தாமல் அப்படியே அடுத்த இதழுக்கு அனுப்புவது பெரிய தவறு. சிறிய துறைகளில் அதே ரிவியூவரிடமே அது மறுபடி போய்ச் சேரக்கூடும்.

மறுப்பில் துவண்டிருக்கும்போதுதான் போலி இதழ்கள் வலை வீசும். "ஒரு வாரத்தில் பிரசுரம், கட்டணம் இவ்வளவு" என்று மின்னஞ்சல் வந்தாலே சந்தேகப்பட வேண்டும். கட்டணம் கேட்பது மட்டும் போலியின் அடையாளம் இல்லை; யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கக்கூடிய, நேர்மையான திறந்த அணுக்க இதழ்கள் பலவும் கட்டணம் வாங்குகின்றன. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழைக் குறிப்பிடுகிறார்களா, ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளங்களான ஸ்கோபஸ் அல்லது வெப் ஆஃப் சயின்ஸில் இப்போதும் இருக்கிறதா, திறந்த அணுக்க இதழென்றால் அவற்றுக்கான டிஓஏஜே பட்டியலில் உண்டா என்று நேரடியாக அந்தத் தளங்களிலேயே பார்க்க வேண்டும். இதழின் சொந்தப் பக்கத்தில் போட்டிருக்கும் முத்திரைகளை நம்பக் கூடாது. போலி இதழில் ஒரு முறை வந்த கட்டுரையைப் பின்னால் நல்ல இதழில் வெளியிட முடியாது. உழைப்பு அங்கேயே புதைந்துவிடும்.

ஆய்வு நிதியும் இதே கதைதான், இன்னும் கடுமையாக. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள், ஐரோப்பிய ஆய்வுக் கவுன்சில் போன்ற பெரிய அமைப்புகளில்கூட விண்ணப்பங்களில் சுமார் ஐந்தில் ஒன்றோ அதற்கும் குறைவாகவோதான் தேறுகின்றன. நல்ல விண்ணப்பமும் தோற்கும் என்பதே இதன் பொருள். கத்தலின் கரிக்கோ என்ற உயிர்வேதியியலாளர் ஆர்என்ஏ ஆய்வுக்கு நிதி கிடைக்காமல் திண்டாடி, 1995-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டவர். 2023-இல் நோபல் பெற்றார். விடாமுயற்சிக்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள். மாணவர்கள் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்: அந்த அங்கீகாரம் வர இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின, இடையில் அவர் வேலைக்காகத் தனியார் நிறுவனத்துக்கும் போக வேண்டியிருந்தது. நல்ல ஆய்வுக்கு உரிய நேரத்தில் பலன் வந்துவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. நிதி மறுக்கப்பட்டால் மதிப்பீட்டுக் குறிப்பைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த சுற்றுக்கு அதே கருவை, செலவுத் திட்டத்தையும் முன்னோட்டத் தரவையும் வலுப்படுத்தி அனுப்ப வேண்டும்.

ஒருவரின் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை ஒரே எண்ணில் சொல்லும் ஹெச் இண்டெக்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்த அளவு இது. ஒருவரின் பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் எண் பத்து. இது ஏறும், இறங்காது. அதனால் வயதில் மூத்தவர்களுக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். துறைக்குத் துறை மேற்கோள் வழக்கமும் வேறு. இருபத்தெட்டு வயதுக்காரர், மூத்த ஆய்வாளரின் எண்ணோடு தன் எண்ணை ஒப்பிட்டு வருந்துவதில் பொருளே இல்லை.

வகுப்பறையிலும் அடிகள் உண்டு. பருவ முடிவில் வரும் மாணவர் மதிப்பீட்டில் 40 பேர் வகுப்பில் ஆறு பேர் மட்டும் பதில் எழுதியிருப்பார்கள், அதில் ஒருவர் கடுமையாக எழுதியிருப்பார். மனம் அந்த ஒன்றிலேயே நிற்கும். ஆறு பேரின் சராசரியை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. மூன்று, நான்கு பருவங்களில் திரும்பத் திரும்ப வரும் குறை எது என்று பார்ப்பதே பயன். நான்காவது, ஐந்தாவது வாரத்திலேயே பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் எது புரிகிறது, எது புரியவில்லை, எதை மாற்றலாம் என்று கேட்டுவிட்டால் அந்த வகுப்புக்கே திருத்திக்கொள்ளலாம்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து ஒப்படைப்புகளைத் திருத்துவது இன்னொரு தலைவலி. எது மாணவர் எழுதியது, எது கருவி எழுதியது என்று கண்டறியும் மென்பொருள்களை நம்பி யாரையும் குற்றம் சாட்டக் கூடாது. ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. வரைவுகளைக் கட்டம் கட்டமாக வாங்குவதும், ஒப்படைத்ததைப் பற்றி ஐந்து நிமிடம் நேரில் கேள்வி கேட்பதும் நம்பகமானவை. ஆனால் 60 பேரிடம் ஐந்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். அந்த நேரமும் ஆசிரியரின் கணக்கில்தான் ஏறும்.

இனி பெற்றோருக்கு. முனைவர் பட்டம் முடிந்ததும் நிரந்தரப் பணி என்று எண்ண வேண்டாம். பல துறைகளில் ஓரிரு போஸ்ட்டாக் பணி (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி), ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை என்று முப்பதுகளின் நடுப்பகுதிவரை போகும். அந்தக் காலத்தில் பெரிய கடனை அந்தச் சம்பளத்தை நம்பி வாங்காதீர்கள். பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு எல்லை குறித்துக்கொள்ளுங்கள்: பட்டம் முடிந்து மூன்று அல்லது நான்கு ஆண்டு முயற்சி, அதற்குள் அமையாவிட்டால் தொழில்துறை, அரசு, பதிப்புத்துறை, தரவுப் பகுப்பாய்வு என்று எந்தப் பக்கம் போவது. அந்தப் பக்கத்துக்கு வேண்டிய ஒரு திறனை பட்டப்படிப்பின்போதே வளர்க்க வேண்டும். எல்லையை முன்பே குறித்துக்கொண்டால், பின்னால் திரும்புவது தோல்வியாகத் தெரியாது. "எப்போது முடிப்பாய்?" என்று மாதந்தோறும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவர்களிடமே பதில் இருக்காது. "இந்த வாரம் எந்தப் பகுதி எழுதுகிறாய்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல முடியும், சொல்லும்போது வேலையும் நகரும்.

மாணவர்களுக்கு முக்கியமான முடிவு நெறியாளரைத் தேர்ந்தெடுப்பது. பல்கலைக்கழகத்தின் பெயரைவிட இதற்கே கூடுதல் எடை கொடுங்கள். சேரும் முன் அவரிடம் முடித்த இரண்டு பேரையும், இப்போது படிக்கும் இரண்டு பேரையும், முடிந்தால் பாதியில் விலகிய ஒருவரையும் தேடிப் பிடித்துப் பேசுங்கள். முடிக்க எத்தனை ஆண்டு ஆயிற்று, வரைவு கொடுத்தால் எத்தனை நாளில் படித்துத் தருவார், சந்திப்பு வாரம் ஒரு முறையா மாதம் ஒரு முறையா, கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பது எழுதத் தொடங்கும் முன்பே பேசப்படுமா, மாணவரின் உழைப்பில் தன் சொந்த வேலைகளைச் செய்துகொள்வாரா, முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மின்னஞ்சலில் கேட்டால் பூசி மெழுகிய பதில்தான் வரும். தொலைபேசியிலோ நேரிலோ கேளுங்கள், பதில் சொல்லத் தயங்கும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.