குக்கரைத் திருப்பி அனுப்பும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மின்சார பிரஷர் குக்கரின் மூடி திடீரென்று திறந்துகொண்டு, கொதிநீர் என் தோளிலும் கையிலும் கொட்டிவிட்டது. மூன்று வாரம் கழித்துத்தான் அந்த மாடலையே கம்பெனி திரும்பப் பெறுகிறது என்று தெரிந்தது. குக்கரை அனுப்பினால் பணம் தருகிறார்களாம். அனுப்பிவிடவா?

பதில்: தயவுசெய்து இப்போது அனுப்பாதீர்கள். உங்கள் வழக்கில் அந்தக் குக்கரைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிப்பதில்லை. குக்கருக்குள் 120 டிகிரி செல்சியஸ் வரைகூடப் போகும். அந்த நிலையில் மூடி விலகினால் தண்ணீரில் ஒரு பகுதி அந்த நொடியே ஆவியாகி, மீதியையும் வெளியே வீசி அடிக்கும். அதனால்தான் அழுத்தம் இறங்கும்வரை மூடி திறக்காதபடி பூட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் குக்கரில் அந்தப் பூட்டு ஏன் பிடிக்கவில்லை என்பதுதான் வழக்கே. அதை நிபுணர் பார்த்துச் சொல்ல மூடி, கேஸ்கெட், வால்வு, உள்பாத்திரம் எல்லாம் அன்று இருந்தபடியே இருக்க வேண்டும். கழுவ வேண்டாம், பழுது பார்க்க வேண்டாம், மறுபடி நடக்கிறதா என்று ஓட்டியும் பார்க்க வேண்டாம். அடியில் இருக்கும் மாடல் எண், வரிசை எண்ணைப் படமெடுத்துவிட்டு, பெட்டியில் போட்டு மூடி வையுங்கள்.

சில கம்பெனிகள் ஒயரை வெட்டிப் படம் அனுப்பச் சொல்லும். அதையும் செய்ய வேண்டாம். 'எனக்குக் காயம் ஏற்பட்டிருக்கிறது, பொருளை ஆதாரமாக வைத்திருக்கிறேன்' என்று எழுதி அனுப்புங்கள். பணம் வாங்கியதாலேயே காயத்துக்கான உரிமை போய்விடாது. ஆனால் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி உள்ள தாளில் கையெழுத்துப் போட்டால் போய்விடலாம். வக்கீலிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

கேள்வி: கம்பெனியே குறையை ஒப்புக்கொண்டுவிட்டது. அப்படியானால் இழப்பீடு உறுதிதானே?

பதில்: இல்லை. பொருளைத் திரும்பப் பெறும் அறிவிப்பில் சொன்ன குறையும் உங்கள் காயமும் பொருந்த வேண்டும். அமெரிக்காவில் வந்த இப்படிப்பட்ட மூன்று அறிவிப்புகளைப் பாருங்கள். 2020இல் கிராக்-பாட் குக்கர்களைத் திரும்பப் பெற்றது, மூடி சரியாகப் பூட்டாதபோதும் அழுத்தம் ஏறியதால். 2023இல் இன்சிக்னியா குக்கர்களில் மூடி பிரச்சினையே இல்லை. உள்பாத்திரத்தின் அளவுக்கோடுகள் தவறாக இருந்ததால் அளவுக்கு மீறி நிரப்ப நேர்ந்தது. 2016இல் குசினார்ட் ஃபுட் பிராசஸர்களில் பிளேடில் விரிசல் விட்டு, உடைந்த துண்டு உணவில் கலந்தது. குறை ஒன்றாகவும் காயம் வேறாகவும் இருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும்.

அதே நேரம், அறிவிப்பு வரவில்லை என்பதற்காகக் கேட்காமல் இருக்கவும் கூடாது. 2025 மே மாதம் நிஞ்சா ஃபூடி குக்கர்கள் சுமார் 18 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. 106 பேருக்குத் தீக்காயம் என்றும், 26 வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன என்றும் அந்த அறிவிப்பே சொன்னது. அந்த வழக்குகளைப் போட்டவர்கள் அறிவிப்புக்காகக் காத்திருக்கவில்லை.

கேள்வி: பரிசாக வந்த மிக்ஸி. பில் என்னிடம் இல்லை. காயம் பட்டது என் தங்கைக்கு. யார் கேட்க முடியும்?

பதில்: உங்கள் தங்கையே கேட்கலாம். குறையுள்ள பொருளால் காயப்பட்டவர் அதை வாங்கியவராக இருக்க வேண்டும் என்று பெரும்பாலான நாடுகளின் சட்டம் சொல்வதில்லை. பரிசு கொடுத்தவரின் ஆன்லைன் ஆர்டர், கார்டு கணக்கு, வாரண்டி பதிவு, ஏன், மிக்ஸி தெரியும் பழைய போட்டோகூட உதவும்.

கேள்வி: அறிவிப்பு மின்னஞ்சலைப் பார்த்தேன். ஆனாலும் இன்னும் இரண்டு நாள்தானே என்று பயன்படுத்தினேன். கை வெந்துவிட்டது.

பதில்: மறைக்காமல் முழுவதையும் வக்கீலிடம் சொல்லுங்கள். தெரிந்தே பயன்படுத்தினீர்கள் என்ற வாதம் வரும். இழப்பீடு குறையலாம், சில இடங்களில் கிடைக்காமலும் போகலாம். அறிவிப்பு வந்ததே தெரியாதவரின் நிலை இதைவிட வலுவானது.

கேள்வி: காயம் ஆறி ஒன்றரை வருடம் ஆகிறது. தழும்பு போகவில்லை. இனி முடியுமா?

பதில்: இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் மட்டுமே தளர்த்துவார்கள். பிரிட்டனில் பொதுவாக 3 ஆண்டு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

போகும்போது சிகிச்சைக் குறிப்பையும் எடுத்துப் போங்கள். 'சமையலறையில் தீக்காயம்' என்று மட்டும் எழுதியிருந்தால், எந்தப் பொருளால், எப்படி என்பது விட்டுப்போயிருக்கிறது. அதைச் சேர்த்துத் தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தழும்பை இன்றே நல்ல வெளிச்சத்தில், தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள்.