ஆல்ஃபா ரோமியோ 2000 இன்ஜின்: போர் போடுவதா, லைனர் மாற்றுவதா?

கேள்வி: என்னிடம் 1973 மாடல் ஆல்ஃபா ரோமியோ 2000 ஜிடிவி இருக்கிறது. இரட்டை கார்புரேட்டர் வண்டி, பல வருஷம் ஓடாமல் நின்றது. ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் நீலப்புகை வருகிறது. இன்ஜின் சூடானதும் ஐட்லிங்கில் ஆயில் பிரஷர் முள் ஒன்றுக்கும் கீழே நிற்கிறது. ‘போர் போட்டு (சிலிண்டரைக் குடைந்து அகலப்படுத்தி) ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்ட வேண்டும்’ என்கிறது ஒரு ஒர்க்‌ஷாப். ‘ஹெட் கேஸ்கெட் போதும்’ என்கிறார் இன்னொரு மெக்கானிக். யார் சொல்வது சரி? முழுதாகப் பிரித்தால் எங்கெல்லாம் கவனம் வேண்டும்?

பதில்: முதலில் போர் விஷயத்தைத் தள்ளிவிடுங்கள். இந்த இன்ஜினில் பிளாக், ஹெட் இரண்டுமே அலுமினியம். பிளாக்கில் சிலிண்டர் துளை கிடையாது. சிலிண்டர் சுவராக இருக்கும் வார்ப்பிரும்பு உருளைகள், அதாவது லைனர்கள், நான்கு தனித்தனியாக உள்ளே நிற்கின்றன, கூலன்ட் அவற்றின் வெளிப்புறத்தை நேரடியாகத் தொட்டு ஓடுகிறது. கீழே ஒரு ரப்பர் ஓ-ரிங், மேலே ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே ஹெட் கேஸ்கெட். தண்ணீரைத் தடுப்பது இந்த இரண்டும்தான். தேய்ந்த லைனரைக் கழற்றிப் போட்டுவிட்டு பிஸ்டன், ரிங், பின், லைனர் எல்லாம் சேர்ந்த செட்டாகப் புதிது மாட்டுவதுதான் முறை. 2000-க்கு 84 மி.மீ. போர், 88.5 மி.மீ. ஸ்ட்ரோக், மொத்தம் 1962 சிசி. பிஸ்டனும் லைனரும் தொழிற்சாலையிலேயே அளவு வகை பிரித்து ஜோடி சேர்க்கப்பட்டவை, ஒன்றின் பிஸ்டனை இன்னொன்றின் லைனரில் போடக் கூடாது. ‘போர் போடலாம்’ என்பவர் இந்த இன்ஜினைத் திறந்து பார்த்திருக்க வாய்ப்பு குறைவு.

இனி அறிகுறிகள். தண்ணீரில் எண்ணெய் இருந்து, சம்ப் (இன்ஜினின் அடித்தொட்டி) எண்ணெய் பால் நிறமாகாமல் இருந்தால் சந்தேகம் முதலில் ஹெட் கேஸ்கெட்டின் சின்ன ஓ-ரிங்குகள் மேல் போக வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேம்களுக்கான எண்ணெய் பிளாக்கிலிருந்து ஹெட்டுக்குப் போய்த் திரும்பும் வழிகளைச் சுற்றி ஆறு ஓ-ரிங்குகள் கசிவைத் தடுக்கின்றன. வயதானால் ரப்பர் கல்லாகிவிடும். எண்ணெயின் அழுத்தம் கூலன்ட்டின் அழுத்தத்தைவிட அதிகம் என்பதால் எண்ணெய்தான் தண்ணீருக்குள் போகும். ஆக, உங்கள் இரண்டாவது மெக்கானிக் சொன்னதில் பாதி சரி.

ஆக்சிலரேட்டரை விட்டு மிதிக்கும்போது மட்டும் வரும் புகைக்குக் காரணம் பெரும்பாலும் வால்வு தண்டு ஓடும் குழாயான வால்வு கைடு. ரிங் போயிருந்தால் மேட்டில் இழுக்கும்போதும் புகை வரும். பிரஷர் விஷயத்தில் பதற வேண்டாம்: சூடான ஐட்லிங்கில் சதுர செ.மீ.க்கு 0.5 முதல் 1 கிலோ என்பது கம்பெனி கையேட்டிலேயே உள்ள அளவு. ஓடும்போது 3.5-க்கு மேல் காட்டுகிறதா என்பதைப் பாருங்கள். காட்டாவிட்டால் பேரிங் அல்லது பம்ப். ஆனால் முடிவெடுக்கும் முன் வேறொரு கேஜை மாட்டிச் சரிபாருங்கள், பழைய டேஷ்போர்டு மீட்டரை நம்பி இன்ஜினை இறக்காதீர்கள்.

பிரிப்பதற்கு முன் சூடான இன்ஜினில், நான்கு பிளக்கும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து கம்ப்ரஷன் பாருங்கள். முடிந்தால் சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி எங்கே கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் சோதனையும் செய்யுங்கள். ஆயில் ஃபில்லரில் காற்றுச் சத்தம் கேட்டால் ரிங், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். நான்கிலும் கம்ப்ரஷன் சமமாக இருந்து, ஓடும்போது பிரஷரும் வந்தால் ஹெட் வேலையோடு நிறுத்தலாம்.

ஆனால் ஹெட்டைத் தூக்குவதிலேயே ஓர் ஆபத்து இருக்கிறது. ஹெட் போனதும் லைனரைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அந்த நிலையில் யாராவது கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) சுற்றினால் பிஸ்டன் லைனரை மயிரிழை அளவு மேலே இழுக்கும். அடியில் இருக்கும் துரு அந்த இடைவெளிக்குள் நகரும். லைனர் பழையபடி உட்காராது. புது கேஸ்கெட் போட்டு ஓட்டிய கொஞ்ச நாளில் சம்ப்பில் தண்ணீர் வரும், பழி கேஸ்கெட் மேல் விழும். ஹெட் வெளியே வந்த உடனே, ஹெட் ஸ்டட்களில் பைப் துண்டும் பெரிய வாஷரும் நட்டும் போட்டு நான்கு லைனரையும் இறுக்கிவிட வேண்டும். உங்களுடையது போல வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் கீழ் ஓ-ரிங்கை நம்புவது வீண். முழுதாகப் பிரிப்பதே மேல்.

ஹெட் லேசில் வராது. இரும்பு ஸ்டட்டும் அலுமினியமும் அரித்துப் பிடித்திருக்கும். துரு நீக்கும் எண்ணெயை ஒவ்வொரு ஸ்டட்டிலும் ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். முன்பக்கம் டைமிங் கவரோடு ஹெட்டைப் பிணைக்கும் சின்ன போல்ட்களை மறந்துவிட்டு நெம்புகிறவர்கள் உண்டு. கேஸ்கெட் முகத்தில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்தால் கதை முடிந்தது. கேம் பேரிங் ஸ்டட்களில் ஒரு தடித்த இரும்புத் தட்டைப் பொருத்தி, அதிலிருந்து போல்ட் கொண்டு ஹெட் ஸ்டட்டின் தலையைத் தள்ளி மெல்ல மெல்லக் கிளப்புவதுதான் நல்ல வழி. கேம் மாட்டியிருக்கும் ஹெட்டை மேசையில் குப்புற வைக்காதீர்கள், திறந்திருக்கும் வால்வு வளைந்துவிடும். இரு பக்கமும் கட்டை கொடுங்கள்.

கழுவக் கொடுக்கும்போது ‘அலுமினியம்’ என்று எழுதியே ஒட்டுங்கள். இரும்பு பிளாக்கைப் போடும் காஸ்டிக் சோடா தொட்டியில் இதைப் போட்டால் கரைந்துவிடும்.

கிராங்க் நன்றாக இருந்தாலும் ஒரு வேலையைத் தவிர்க்க முடியாது. அதன் உள்ளே எண்ணெய் போகும் துளைகளின் வெளி முனைகளில் அலுமினிய அடைப்புகள் இருக்கின்றன. சுற்றும் வேகத்தில் எண்ணெயிலுள்ள கசடு வெளிப்புறமாக ஒதுங்கி, அந்த அடைப்புக்குப் பின்னால் தேங்கும். ஒன்றைத் துளைத்து இழுத்துப் பாருங்கள்: கறுப்பாக, மெழுகு போல இறுகிய மண்டி கம்பியால் சுரண்டினால்தான் வரும். மேலோட்டமாகக் கழுவிவிட்டு புது பேரிங் போட்டால், சூடான புது எண்ணெய் இந்த மண்டியைக் கரைத்து நேராக பேரிங்குக்கே கொண்டு போகும். எல்லா அடைப்பையும் எடுத்து, பிரஷ் விட்டுத் தேய்த்து, புது அடைப்பு போட்டு விளிம்பைத் தட்டிப் பூட்டுங்கள். ஜர்னல்களை (கிராங்கில் பேரிங்குக்குள் சுழலும் பகுதிகளை) மைக்ரோமீட்டரில் அளந்து, பேரிங் இடைவெளியை பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தில் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிக் இழை) வைத்துப் பாருங்கள். இந்த கிராங்க் நைட்ரைடிங் செய்யப்பட்டது. கிரைண்ட் செய்தால் அந்தக் கடின மேல்தோல் போகும் என்பதால், தேவையில்லாமல் கிரைண்டிங்குக்கு அனுப்பாதீர்கள். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கான்ராட்டின் போல்ட்டும் நட்டும் புதிது வாங்குங்கள்.

இனி முழு வேலையின் உயிர்நாடி: லைனர் உயரம். பிளாக்கில் லைனர் உட்காரும் விளிம்பைத் துரு, பழைய ரப்பர் துளிகூட இல்லாமல் சுத்தம் செய்யுங்கள். புது லைனரை ஓ-ரிங் இல்லாமல் உட்கார வைத்து, கிளாம்ப் போட்டு, பிளாக் முகத்திலிருந்து எவ்வளவு மேலே நிற்கிறது என்று டயல் கேஜில் பாருங்கள். ஒவ்வொரு லைனருக்கும் நான்கு இடத்தில் அளவு எடுங்கள். கையேடு 0.00 முதல் 0.06 மி.மீ. வரை அனுமதிக்கிறது. பூஜ்யத்தில் நிற்பதை ஏற்காதீர்கள், 0.02-க்கும் 0.05-க்கும் நடுவே நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது நல்லது. பக்கத்துப் பக்கத்து லைனர்களுக்குள் ஏற்ற இறக்கம் இருந்தால் கேஸ்கெட் தாழ்ந்த லைனரில் சரியாக அமுங்காது. உயரம் ஒத்துவராவிட்டால் லைனர்களை இடம் மாற்றி வைத்துப் பாருங்கள், அதிலேயே பல சமயம் சரியாகும். ஒரு லைனரின் ஒரே பக்கம் மட்டும் உயர்ந்திருந்தால் அடியில் இன்னும் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். அளவு திருப்தியான பிறகுதான் ஓ-ரிங் போட்டு நிரந்தரமாக இறக்க வேண்டும். இறக்கியதும் மறுபடி கிளாம்ப்.

முன் டைமிங் கவரின் மேல்முகமும் பிளாக் முகமும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். கவர் சற்றுத் தாழ்ந்து நின்றால் முன்பக்கம் எண்ணெய் ஒழுகும். பின் மெயின் கேப்பின் (கிராங்கின் பின் பேரிங் மூடியின்) இரு பக்கத்திலும் உள்ள ரப்பர் அடைப்புகளையும் மாற்றிவிடுங்கள். பெரிய ஆயில் சீல் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ‘இன்னும் ஒழுகுகிறதே’ என்று கியர்பாக்ஸை மறுபடி இறக்குவார்கள்.

ஹெட்டில் கைடு மாற்றினால் வால்வு சீட்டையும் வெட்டியாக வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வின் தண்டுக்குள் சோடியம் இருக்கிறது. தண்ணீர் பட்டால் தீப்பற்றும் பொருள் அது, ஆகவே பழைய வால்வை அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். மில்லிங்கில் முகம் நேராகும் அளவு மட்டுமே எடுக்கச் சொல்லுங்கள். அதிகம் எடுத்தால் கேம்கள் கிராங்குக்கு அருகே வந்து செயின் டைமிங் விலகும்.

வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் இன்லெட் 0.425–0.450, எக்ஸாஸ்ட் 0.475–0.500 மி.மீ. கேம் அழுத்தும் டேப்பெட் வாளிக்கு அடியில், வால்வு தண்டின் தலையில் தொப்பி போல உட்காரும் ஷிம்தான் இதைத் தீர்மானிக்கிறது. மாற்ற ஒவ்வொரு முறையும் கேமைக் கழற்ற வேண்டும், பொறுமை தேவை. சீட் வெட்டியதும் தண்டு மேலேறியிருக்கும், மெல்லிய ஷிம் தேவைப்படும். மேசையில் அளக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு கேமை மட்டும் மாட்டிச் சுற்றுங்கள். இரண்டும் இருந்தால் இன்லெட் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒன்றோடொன்று இடிக்க இடமுண்டு.

ஆறு ஓ-ரிங்குகளுக்கு விட்டான் (சூட்டையும் எண்ணெயையும் தாங்கும் ரப்பர்) ரகம் கேட்டு வாங்குங்கள். டைமிங்குக்குப் புல்லியின் ‘P’ குறி குறிமுள்ளுக்கு நேரே நிற்க வேண்டும், முதல் சிலிண்டரின் இரு கேம் மூக்குகளும் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், கேமின் கோடும் பேரிங் கேப்பின் கோடும் சேர வேண்டும். டென்ஷனரை இறுக்கியபின் கையால் இரண்டு முழுச் சுற்று முன்னோக்கிச் சுற்றி மறுபடி பாருங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுற்றி ஆயில் பிரஷர் முள் எழுவதைப் பார்த்துவிடுங்கள். துத்தநாகச் சேர்க்கை அதிகமுள்ள 20W-50 மினரல் எண்ணெய் போதும். ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடாமல் 2000 சுற்றருகே வைத்துச் சூடேற்றி, கசிவு இல்லையென்றால் உடனே ரோட்டுக்கு எடுங்கள். ரிங் படிவதற்குச் சுமை வேண்டும். முதல் எண்ணெயை 500 கி.மீ.யில் மாற்றுங்கள். அதே சமயம், இன்ஜின் முழுதும் ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கால் திருப்பு தளர்த்தி, நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில் கையேட்டு டார்க்குக்கு (முறுக்கு விசைக்கு) இறுக்குங்கள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் கூடவே கூடாது: பாதிக்குப் பாதி கிளைகோல் கூலன்ட், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.