கழற்றிப் போட்ட ஹெரால்டு, பூட்டிக் கிடக்கும் ஷெட்

கேள்வி:
எனக்கு 47 வயது. திருச்சியில் வங்கி வேலை. 1970 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு வண்டி ஒன்றை அப்பா 1979-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். நான் பள்ளிக்கூடம் போனதெல்லாம் அதில்தான். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. வண்டியைப் புதுசு போல ஆக்கிவிட வேண்டும் என்று மறு வருடமே முழுசாகக் கழற்றினேன். என்ஜினை லேத்துக்கு அனுப்பி, போர் போட்டு, கோத்து வைத்தாகிவிட்டது. பாடியைத் தூக்கியபோதுதான் அதைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸில் இரண்டு பக்கமும் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருப்பது தெரிந்தது. டிங்கர் வேலை செய்தவர் பாதியில் சொந்த ஊருக்குப் போய்விட்டார். செலவு மூன்று லட்சத்தைத் தொட்டுவிட்டது. பதினான்கு மாதமாக ஷெட்டுக்குள் நான் போகவே இல்லை. சாவியை எடுத்தாலே வயிற்றைப் பிசைகிறது. அம்மா ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. விற்றுவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:
அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை ‘புதுசு போல’ என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. அப்பா ஓட்டிய காலத்தில் அந்த வண்டி புதுசாக இருந்ததே இல்லை. அவர் வாங்கும்போதே அதற்கு ஒன்பது வயது. நீங்கள் பள்ளிக்கூடம் போனது, சீட்டில் கிழிசலும் மட்கார்டில் கீறலும் இருந்த ஒரு வண்டியில்தான் இருக்கும். அந்த வண்டியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ஆரம்பித்து, ஷோரூமிலிருந்து இறங்கிய வேறொரு வண்டியைச் செய்யக் கிளம்பிவிட்டீர்கள். அதற்குத் தேவைப்படும் பணமும் வருடங்களும் வேறு. மனசு ஓடிப்போனதில் ஆச்சரியமே இல்லை.

கழற்றுகிற காலம் எல்லோருக்கும் சந்தோஷமான காலம். ஒவ்வொரு ஞாயிறும் நாலு பாகம் கையோடு வரும், வேலை நகர்வது கண்ணுக்குத் தெரியும். ஆறேழு வாரத்தில் முழு வண்டியும் பைகளுக்குள் போய்விடும். அதற்கப்புறம் மாதக்கணக்கில் வெல்டிங், தேய்ப்பு, காத்திருப்பு. முப்பதாயிரம் செலவழித்த பிறகும் ஷெட் போன மாதம் இருந்த மாதிரியே இருக்கும். பாதியில் நின்றுபோன பழைய வண்டிகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றிருக்கின்றன.

என் பத்மினி காரின் வேலை நின்றதும் அங்கேதான். பம்பரை முலாம் பூசக் கொடுத்த பட்டறையில் அதைத் தொலைத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில் ஷெட்டைப் பூட்டியவன் ஒரு வருடத்துக்கு மேல் திறக்கவில்லை. கோபம் ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டது. மீதி மாதங்களில் இருந்தது வெட்கம். வண்டி என்ன ஆச்சு என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றுவேன். ஒரு மழை நாளில், ஏன் என்று இன்றும் தெரியவில்லை, வைப்பர் மோட்டாரை மட்டும் எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்துப் பிரித்தேன். கார்பன் தேய்ந்திருந்தது, உள்ளே கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. துடைத்து, கார்பன் மாற்றி, பேட்டரியில் ஒயரைத் தொட்டதும் சுற்றியது. சாயங்காலம் முழுக்க அதை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் ஷெட் சாவியைத் தேடினேன். ஆர்வம் வரட்டும், வேலையை ஆரம்பிக்கலாம் என்று அத்தனை மாதம் காத்திருந்தேன்; அது வேலையின் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முழு வண்டியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பாடி இல்லாத வெறும் சேஸிஸில் நாலு சக்கரம் மாட்டி, என்ஜினை உட்காரவைத்து, ஒரு தடவை ஸ்டார்ட் செய்யுங்கள். பெயிண்ட், சீட், குரோம் எதைப் பற்றியும் அதுவரை யோசிக்காதீர்கள்.

வேறு வண்டியாக இருந்தால் இதைச் சொல்லியிருக்க முடியாது. அம்பாசிடரிலும் பத்மினியிலும் பாடியும் சேஸிஸும் ஒன்றே; பாடியைத் தூக்கிவிட்டுத் தனியாக ஓட்ட அங்கே எதுவும் மிஞ்சாது. ஹெரால்டு தனிச் சேஸிஸ் வைத்த வண்டி. 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டாக வந்தபோது, அக்காலத்துச் சின்னக் கார்கள் பெரும்பாலும் ஒரே கூடாக மாறிக்கொண்டிருந்தன. பாடி செய்து கொடுத்துவந்த கம்பெனி போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டதால், ஸ்டாண்டர்ட் டிரையம்ப்காரர்கள் பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைக்கும் வழிக்குப் போனார்கள். வடிவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. துண்டு துண்டாக இணைக்கிற அந்த அமைப்பு, வேறு நாடுகளுக்குக் கொண்டுபோய்ப் பூட்டுவதற்கும் தோதாக இருந்தது. 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் ஹெரால்டு வந்தது. உங்கள் நாலு கதவு மாடல் இங்கிலாந்திலேயே கிடையாது, நம் ஊரில் மட்டும் வந்தது. பின் கதவு இரண்டையும் போர்த்தி, தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள். மற்ற எதையும் தேடி வாங்கிவிடலாம், அவை கிடைப்பது குதிரைக் கொம்பு.

இப்போது அந்தத் துரு. சேஸிஸின் நடு முதுகெலும்பிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் துருப்பிடித்துப் போகாத ஹெரால்டை நான் பார்த்ததே இல்லை. மழைத் தண்ணீரும் சேறும் அங்கே போய் உட்காரும். உங்கள் வண்டிக்கு மட்டும் வந்த கேடு என்று நினைக்க வேண்டாம். நடு முதுகெலும்பு கெட்டியாக இருக்கிறதா என்று மட்டும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டால் அந்த இடத்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். கைகளைப் புதுத் தகட்டில் செய்து வெல்டு வைக்க, கார் டிங்கர்தான் வர வேண்டும் என்பதில்லை. லாரிப் பாடி கட்டும் பட்டறைகளில் இதைவிடக் கடினமான வேலையைத் தினமும் செய்கிறார்கள். டிங்கர் போய்விட்டார் என்று நின்ற வேலை, வெல்டர் ஒருவர் கிடைத்தால் நகரும். ஒரே ஒரு எச்சரிக்கை: இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்ட விடாதீர்கள். ஒரு பக்கம் முடித்து, மூலைக்கு மூலை அளந்து சரிபார்த்து, அப்புறம் மறு பக்கம். கடைசி வெல்டு வைப்பதற்குமுன் பாடியைச் சும்மா தூக்கி வைத்து, போல்ட் ஓட்டைகள் ஒத்துப்போகின்றனவா, கதவு இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். நாலு ஆள் போதும்.

வெல்டிங் முடிந்ததும் ரெட் ஆக்சைடு, மேலே கறுப்பு எனாமல். அதற்கப்புறம் முன் சஸ்பென்ஷன். இங்கே கொஞ்சம் நின்று சொல்லியாக வேண்டும், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. ஹெரால்டில் முன் சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடிப்பக்கம் மரை போட்டது. அது டிரன்னியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் திருகி நின்று, ஸ்டியரிங் திரும்பும்போது அந்த மரையிலேயே சுழலும். அதற்குப் போட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். நம் ஊர்ப் பட்டறைகளில் எல்லாவற்றுக்கும் அடிக்கிற மாதிரி அதற்கும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் இறுகிப்போனால் மரைக்குள் எண்ணெய்ப் பசை போய்ச் சேராது. தண்ணீர் இறங்கி, தண்டு உள்ளுக்குள் துருப்பிடித்து, ஒரு நாள் வண்டியைத் திருப்பும்போது ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். இப்போது எல்லாம் கழற்றியே இருப்பதால் தண்டின் மரையைக் கண்ணால் பார்க்கலாம். பள்ளம் விழுந்திருந்தால் யோசிக்காமல் புதுசு வாங்குங்கள். இரண்டு பக்கத்துக்கும் மரை எதிரெதிர்த் திசை, வாங்கும்போது கவனம்.

எங்கே வாங்குவது? இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை இதே ஹெரால்டு சேஸிஸைக் குறுக்கித்தான் செய்தார்கள். அதை வைத்திருப்பவர்கள் ஏராளம் என்பதால் முன் சஸ்பென்ஷன் சாமான்களை இன்றும் புதுசாகச் செய்து விற்கிறார்கள். சுங்க வரி சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மற்றபடி பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு நாள் சுற்றுவது வீண் போகாது. கையில் பழைய பாகத்தைக் கொண்டுபோங்கள், வாயால் சொன்னால் யாருக்கும் புரியாது. ஹெரால்டுக்குப் பின் வந்த ஸ்டாண்டர்ட் கசல் ஒன்று எங்காவது உடைப்புக்குக் கிடைத்தால் என்ஜின் சாமான்களுக்கு ஆகும், அதிலும் அதே 948 சி.சி. என்ஜின்தான். பின் ஆக்சில் மட்டும் வேறு.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போன மூன்று லட்சத்தைத் தினமும் கூட்டிப் பார்க்காதீர்கள். நான் சொல்லும் இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள். அது தீர்ந்தால் அடுத்த மாதம்வரை நிறுத்துங்கள். அந்த நாட்களில் வீட்டுக்குள் கொண்டுவரக்கூடிய வேலை இருக்கிறது: கார்புரேட்டர், டைனமோ, கதவுப் பூட்டு, மீட்டர். வாரத்துக்கு ஒன்று, ஒரே உட்காரலில் முடிவதாகப் பார்த்து எடுங்கள். முடித்ததைத் துணியில் சுற்றித் தேதி எழுதித் தனிப் பெட்டியில் வையுங்கள். அந்தப் பெட்டி நிறைவதைப் பார்ப்பதற்கே நாலு தடவை திறப்பீர்கள்.

ஆர்.சி. என்ற பதிவுச் சான்று இன்னும் அப்பா பெயரில் இருந்தால் அதையும் இந்தச் சமயத்தில் கவனியுங்கள். உரிமையாளர் இறந்தபின் வாரிசு பெயருக்கு மாற்ற 31-ஆம் எண் படிவம். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். தாமதம் ஏற்கெனவே ஆகிவிட்டது, அபராதம் கட்ட வேண்டியிருக்கலாம். பழைய வண்டி என்று சொல்லி ரத்து செய்ய மட்டும் யாரையும் விட்டுவிடாதீர்கள். 2021-ல் வந்த மத்திய விதிப்படி 50 வயது தாண்டிய கார்களை வின்டேஜ் என்று பதியலாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம், தினசரி ஓட்ட அனுமதி இல்லை. அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக நினைத்தால் வழக்கமான பதிவைப் புதுப்பித்துக்கொள்வதே மேல்.

விற்பது பற்றிக் கேட்டீர்கள். விற்பது தப்பே இல்லை. அப்பாவை விற்பதாக அதற்கு அர்த்தமும் இல்லை. ஆனால் பைகளில் கிடக்கும் வண்டிக்கு இரும்பு விலைதான் கேட்பார்கள். சக்கரத்தில் நின்று, என்ஜின் ஓடுகிற சேஸிஸுக்கும் முழுசாகச் சேர்ந்திருக்கும் பாகங்களுக்கும் விலை வேறு, வாங்க வருபவரும் வேறு மாதிரி ஆளாக இருப்பார். ஆகவே வைத்துக்கொள்வதானாலும் விற்பதானாலும் நீங்கள் போக வேண்டிய அடுத்த இடம் ஒன்றுதான். அங்கே போய்ச் சேர்ந்தபின் முடிவு செய்யுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் நிம்மதியாக விற்றுவிடுங்கள். ஸ்டியரிங்கை மட்டும் வைத்துக்கொள்ளத் தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள், வாங்குபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அம்மா கேட்காமல் இருப்பதை நீங்கள் குறையாக எடுத்துக்கொள்கிறீர்கள். கேட்டால் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்றுகூட அவர் வாயைத் திறக்காமல் இருக்கலாம். நீங்களே பேச்சை எடுங்கள். வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

இந்த ஞாயிறு ஷெட்டைத் திறந்து பெருக்குங்கள், அது போதும். முடிந்தால் பிளக் நாலையும் கழற்றி, சிலிண்டருக்கு ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு, என்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி வையுங்கள். பதினான்கு மாதம் சும்மா நின்றதில் புது பிஸ்டன் ரிங் சிலிண்டரில் ஒட்டிக்கொள்ளக் கூடாது. பிறகு ஸ்டார்ட் செய்யும் நாள் வரும்போது பிளக் ஒயர் வரிசை 1-3-4-2 என்பதை மறக்காதீர்கள். பெட்ரோல் டேங்க் பாடியோடு போய்விட்டதால் சின்ன கேனிலிருந்துதான் பெட்ரோல் கொடுக்க வேண்டியிருக்கும். கேனை சைலன்சருக்கு எதிர்ப் பக்கம் உயரத்தில் கட்டுங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். அம்மாவுக்கு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளி, வாசல் பக்கமாகப் போடுங்கள்.