கருப்பாயிக்கு இரும்புச் சத்து டானிக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் பூனை கருப்பாயிக்கு ஐந்து வயது. சில வாரங்களாகச் சோர்ந்து படுத்தே கிடக்கிறது. ஈறுகள் வெளுத்துவிட்டன, முற்றத்து மண்ணையும் சிமெண்டுத் தரையையும் நக்குகிறது. ஈப்போவில் ஒரு கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பிசிவி 14 விழுக்காடுதான் இருந்தது. தெள்ளுப்பூச்சியோடு தொடர்புடைய இரத்தக் கிருமியாக இருக்கலாம் என்று டாக்சிசைக்கிளின் என்ற கிருமிக்கொல்லியும், நோயெதிர்ப்பை அடக்கும் பிரெட்னிசோலோனும் கொடுத்த மருத்துவர், இன்னும் இறங்கினால் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார். மாமியார், முருங்கைக்கீரைச் சாறும் நான் கர்ப்பமாக இருந்தபோது குடித்த இரும்புச் சத்து டானிக்கும் ஊட்டச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, உடம்பு சுடுகிறது, பெனடோல் கொடு என்கிறார். கணவரோ, தோட்டத்துப் பூனைக்கு இவ்வளவு செலவா, ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்கிறார். நான் என்ன செய்வது?
(வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்:

அன்புச் சகோதரி,

முதலில் பெனடோலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றவை ஒரு நாள் பொறுக்கும், இது பொறுக்காது. அந்த மாத்திரையை யாரும் எக்காரணம் கொண்டும் கருப்பாயிக்குக் கொடுக்கக் கூடாது. அதில் உள்ள பாராசிட்டமோலைப் பக்குவமாகச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஆகவே அது உடலில் நஞ்சாக மாறிச் சிவப்பணுக்களைத் தாக்குவதோடு, எஞ்சியிருக்கும் அணுக்களும் உயிர்வளியைச் சுமக்க முடியாதபடி செய்துவிடுகிறது. நல்ல உடல்நிலையில் உள்ள பூனையையே 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று கொன்றுவிடக் கூடும் என்றால், 14 விழுக்காட்டில் இருக்கும் பூனையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒருவேளை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றால், முகம் வீங்குகிறதா, ஈறு பழுப்பேறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் இன்றே கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். அந்த நஞ்சை முறிக்கும் மருந்து இருக்கிறது. ஆனால் விரைவாகக் கொடுத்தால்தான் அதற்குப் பலன்.

இனி டானிக். உங்கள் மாமியாரின் அக்கறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் வெளுத்த முகத்தோடு வந்த பெண்களுக்கெல்லாம் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிய காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு, இரத்தம் குறைந்தால் இரும்பு என்பதுதான் இயல்பாகத் தோன்றும். ஆனால் இரத்தசோகை தனி நோயன்று. வேறொரு நோயின் அடையாளம். அணுக்கள் வெளியே கசிந்து போகலாம், உடலுக்குள்ளேயே உடைபடலாம், அல்லது எலும்பு மச்சையில் போதிய அளவு உற்பத்தியாகாமல் போகலாம். இரும்பு தீர்ந்துபோவதால் வரும் சோகை, தெள்ளுப்பூச்சியும் கொக்கிப்புழுவும் நெடுநாள் இரத்தம் குடித்த குட்டிகளிடம் அதிகம் காணப்படும். உங்கள் மருத்துவர் சந்தேகிப்பதோ ஹீமோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியை. அது சிவப்பணுவின் மேல் ஒட்டிக்கொள்ள, பூனையின் நோயெதிர்ப்பு அமைப்பே அந்த அணுக்களைப் பிடித்து அழிக்கிறது. அழிந்த அணுக்களில் இருந்த இரும்பு உடலுக்குள்ளேதான் இருக்கும். எனவே வெளியிலிருந்து ஊற்றும் டானிக்குக்கு அங்கே வேலை இல்லை.

அதைவிட முக்கியமானது, வாய்வழிக் கொடுக்கும் இரும்பு டாக்சிசைக்கிளினோடு குடலில் பிணைந்து, அந்த மருந்து இரத்தத்தில் சேராதபடி தடுத்துவிடும் என்பதாகும். அதாவது, மாமியார் ஊட்டும் டானிக், நீங்கள் காசு கொடுத்து வாங்கி வந்த மருந்தின் பலனைக் கெடுக்கும். மிகுதியானால் இரும்பே நஞ்சாகவும் ஆகும். முருங்கைச் சாறு அத்தகைய கேடு செய்யாது என்றாலும் பயனும் இல்லை. பிடித்து வைத்து ஊற்றும்போது அது மூச்சுக்குழலில் இறங்கும் ஆபத்துதான் மிச்சம். மாமியாரின் கைப்பக்குவத்துக்கு வேறு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

நலமாக உள்ள பூனைக்குப் பிசிவி பெரும்பாலும் 25 முதல் 45 விழுக்காடு வரை இருக்கும். 14 என்பது கடுமையான குறைவுதான். ஆயினும் மெல்ல மெல்லக் குறைந்திருந்தால் பூனையின் உடல் அதற்கு ஓரளவு பழகிக்கொள்ளும். அதனால்தான் இரத்தம் ஏற்றுவதை எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. பூனை எப்படி மூச்சு விடுகிறது, எழுந்து நிற்கிறதா என்பதையும் மருத்துவர் கணக்கில் எடுக்கிறார். வீட்டில் உங்கள் தலையாய வேலையும் அந்த மூச்சைக் கவனிப்பதே. கருப்பாயி அயர்ந்து தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணி, காலையிலும் இரவிலும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். முப்பதுக்குள் இருந்தால் சரி; நாள்தோறும் ஏறிக்கொண்டே போனால் மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள்; நாற்பதைத் தாண்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, நடக்கும்போது சாய்ந்து விழுந்தாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். மண்ணையும் சிமெண்டையும் நக்குவது சோகையுள்ள பூனைகளிடம் காணப்படும் பழக்கம்தான். அது நிற்பதும் குறித்து வைக்க வேண்டிய செய்தி.

டாக்சிசைக்கிளினைக் கொடுக்கும் முறையில் பலர் தவறுகிறார்கள். வெறும் வாயில் போட்ட மாத்திரை பூனையின் உணவுக்குழாயிலேயே தங்கிப் புண்ணாக்கி, பின்னர் குழாயே சுருங்கிப்போகும் அளவுக்குக் கொண்டுபோய்விடலாம். மாத்திரை கொடுத்தவுடன் ஊசியில்லாத சிரிஞ்சினால் ஐந்து மில்லி அளவு தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாகச் சிறிது சிறிதாக விடுங்கள். இல்லையென்றால் உடனே ஒரு வாய் உணவு உண்ணச் செய்யுங்கள். இந்த மருந்து பொதுவாகச் சில வாரங்கள் தொடர வேண்டியது. பூனை எழுந்து நடமாடத் தொடங்கியதும் போதும் என்று நிறுத்திவிடக் கூடாது. பிரெட்னிசோலோனையும் மருத்துவர் சொல்லாமல் திடீரென்று நிறுத்தக் கூடாது.

உணவுதான் மாமியாரின் பொறுப்பு. கோழி நெஞ்சுக்கறியையோ கெம்போங் மீனையோ உப்பும் மசாலாவும் இல்லாமல் அவித்து, முள் நீக்கி, வெதுவெதுப்பாக, கொஞ்சம் கொஞ்சமாக நாளில் பல வேளை வைக்கச் சொல்லுங்கள். சூடு இருந்தால் மணம் எழும், மணம் இருந்தால்தான் நோயுற்ற பூனை வாய் வைக்கும். குழம்பில் தோய்ந்த சோறு மட்டும் கூடாது. வெங்காயமும் பூண்டும் பச்சையாக இருந்தாலும், வெந்திருந்தாலும், பொடியாக இருந்தாலும் பூனையின் சிவப்பணுக்களை உடைப்பவை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே நலமாக உள்ள பூனைக்குத் தீங்கு செய்யும். மூன்று கிலோப் பூனைக்கு அது சில சின்ன வெங்காயம்தான். இரண்டு நாள் ஒன்றுமே உண்ணாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு தேங்கும் வேறொரு நோய் தொடங்கிவிடக் கூடும் என்பதால், அந்த நிலை வருமுன்பே பசியைத் தூண்டும் மருந்து பற்றிக் கேளுங்கள். மூச்சு வாங்கும் பூனையின் வாயில் கட்டாயப்படுத்தி எதையும் திணிக்க வேண்டாம்.

இரத்தம் ஏற்றும் நிலை வந்தால், பக்கத்து லயத்துக் கடுவனைப் பிடித்துக்கொண்டு ஓடலாம் என்று எண்ணாதீர்கள். பூனைகளுக்கு ஏ, பி, ஏபி என இரத்த வகைகள் உண்டு. வேறு வகை இரத்தத்தைத் தாக்கும் பொருள் பல பூனைகளின் இரத்தத்தில் இயற்கையாகவே இருப்பதால், முதல் முறையே தவறான வகை உயிரை எடுத்துவிடலாம். கொடுக்கும் பூனை நாலரை, ஐந்து கிலோவுக்குக் குறையாமல், இளமையும் நலமும் உள்ளதாக, இரத்தப் புற்றுநோய் வைரசும் பூனை எய்ட்ஸ் வைரசும் ஹீமோபிளாஸ்மாவும் இல்லை என்று சோதித்ததாக இருக்க வேண்டும். வெளியில் சுற்றிச் சண்டையிடும் கடுவனிடம் இவற்றில் ஒன்று இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். அந்த வைரஸ் சோதனை இரண்டையும் கருப்பாயிக்கும் செய்தாயிற்றா என்று கேளுங்கள். மீளும் வாய்ப்பு எவ்வளவு என்பது பெரிதும் அவற்றைப் பொறுத்தது. செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனை பெரிய இடம்தான். ஆனால் மூச்சு வாங்கும் பூனையை அவ்வளவு தூரம் காரில் கொண்டு போவதே ஆபத்தாகலாம் என்பதால், ஈப்போ மருத்துவரைக் கேட்காமல் புறப்பட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்க வேண்டும். வீட்டைச் சுற்றிச் செம்பனை இருக்கிறதா? செம்பனைத் தோட்டங்களில் வைக்கும் எலி மருந்துகளில் பல, இரத்தம் உறையாமல் செய்து கொல்பவை. அதைத் தின்ற எலியை அடிக்கடி தின்னும் பூனைக்கும் உள்ளே இரத்தம் கசியலாம். அண்மையில் மருந்து வைத்தார்களா, என்ன மருந்து என்று தோட்ட மேற்பார்வையாளரான மண்டோரிடம் கேட்டு, பெயரை எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். அந்தக் கசிவுக்கு வைட்டமின் கே1 என்ற மருந்து உண்டு. டாக்சிசைக்கிளின் அதற்கு உதவாது.

கணவர் சொல்வதைக் கல்நெஞ்சம் என்று நான் எண்ணவில்லை. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்தில் செலவைக் கேட்பவர் ஒருவர் இருக்கத்தான் வேண்டும். ஆனால் முடிவு எடுக்கும் நேரம் இன்னும் வரவில்லை என்பது என் கருத்து. ஹீமோபிளாஸ்மாவாக இருந்தால், மருந்து ஏற்கும் பூனைகளில் முதல் வாரத்திலேயே மாற்றம் தெரியத் தொடங்குவது வழக்கம். மாத்திரையின் விலையும் இரத்தம் ஏற்றும் செலவும் ஒன்றல்ல. அடுத்த முறை அவரையும் அழைத்துப் போய், மறுபரிசோதனைக்கு எவ்வளவு, இரத்தம் ஏற்றினால் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு, எந்தத் தொகை வரை உங்களால் முடியும் என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மருந்துக்குப் பிறகும் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போய், வைரஸ் சோதனையும் மோசமாக வந்து, பூனை மூச்சுக்குத் தவிக்கும் நிலை ஏற்பட்டால், அப்போது அந்த ஊசி இரக்கமான முடிவே. அதற்காக நீங்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை.

கடைசியாகத் தெள்ளுப்பூச்சி. கருப்பாயிக்கு மட்டுமன்றி வீட்டில் உள்ள எல்லாப் பூனைகளுக்கும், நாய் இருந்தால் அதற்கும், ஒரே நாளில் மருந்து போடுங்கள். ஆனால் நாய்க்கு விற்கும் மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை உண்டாக்கிக் கொல்லும். மண்ணெண்ணெயும் வேண்டாம். படுக்கைத் துணிகளைச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். குளிப்பாட்டுவதை மட்டும், பிசிவி இருபதைத் தாண்டி மருத்துவர் சரி என்று சொல்லும் வரை தள்ளிப் போடுங்கள்.