சேலத்தில் இரவு நேரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நேரில் பார்க்கிற மாதிரி நிகழ்ச்சி ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. தெருக்கூத்து. ஓட்டலில் மைக் பிடித்துப் பாடுவதைக் கேட்க எந்த ஊருக்கும் போகலாம். கூத்துக்கு எங்கள் பக்கம் வாருங்கள்.

நான் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். போன பங்குனியில் மாமா கூப்பிட்டார் என்று தாரமங்கலம் பக்கம் ஒரு மாரியம்மன் பண்டிகைக்குப் போனேன். அன்று கர்ண மோட்சம் கூத்து. பத்து மணிக்கே உட்கார இடமில்லை. சாயங்காலமே பாயும் சாக்கும் விரித்து இடம் பிடித்துவிட்டார்கள். சுற்றிலும் தட்டுவடை செட் வண்டிகள், பலூன், ஐஸ். நடுவில் கோமாளி ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தி அன்பளிப்பு கொடுத்தவர்களின் பெயரை வாசித்தார். ஒரு மணிக்கு மேல் எனக்குக் கண் சொக்கியது. எழுந்தேன். பக்கத்தில் இருந்த பாட்டி கையைப் பிடித்து இழுத்து, "உக்காரு சாமி, இனிமேட்டுக்குத்தான் கூத்தே" என்றார்.

இரண்டு பேர் திரையைப் பிடித்தார்கள். பின்னால் கர்ணன் விருத்தம் பாடுகிறார், ஆள் தெரியவில்லை. திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய இரண்டு கால். நாள் முழுக்கக் கொலுசு முத்துச் சத்தத்திலேயே இருப்பவன் நான். ஆனாலும் அந்தக் கால் மண்ணை மிதித்தபோது எழுந்த சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. திரை விலகியதும் தோளில் கட்டிய புஜகீர்த்தியில் பதித்த கண்ணாடித் துண்டுகள் விளக்கு வெளிச்சத்தை வாரி எங்கள் முகத்தில் அடித்தன.

போருக்குக் கிளம்பும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி மகன்தானே என்று அவனை இழிவாகப் பேசியவள், அவன் குந்தி பெற்ற பிள்ளை என்று தெரிந்ததும் போக வேண்டாம் என்று காலைப் பிடிக்கிறாள். பொன்னுருவி வேடம் கட்டியதும் ஆண்தான். அந்த அழுகையில் எனக்கு அது மறந்தே போனது. ஆர்மோனியமும் மிருதங்கமும் அடங்கி, சின்ன நாதஸ்வரம் மாதிரி ஊதும் முகவீணை மட்டும் கூடவே அழுதது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு குழந்தை கூடச் சிணுங்கவில்லை. பாட்டி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். நானும் அழுதேன்.

அதனால் சொல்கிறேன், பாதியில் எழுந்து வந்துவிடாதீர்கள். பன்னிரண்டு மணிக்குத் திரும்பியவர்கள் வேடிக்கை பார்த்தவர்கள். கூத்து பார்த்தவர்கள் இல்லை. கர்ணன் விழும்போது கிழக்கு வெளுக்க ஆரம்பித்திருக்கும்.

பண்டிகை மாதங்களில் ஓமலூர், தாரமங்கலம், ஜலகண்டாபுரம் பக்கம் ஒட்டியிருக்கும் கோவில் நோட்டீஸ்களைப் பாருங்கள். "இரவு தெருக்கூத்து" என்று போட்டிருந்தால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். உட்கார ஒரு சாக்கு, பனிக்கு ஒரு போர்வை போதும். இராத்திரி திரும்பப் பஸ் கிடைக்காது, அப்புறம் காலை முதல் பஸ்தான்.