தொப்புள்கொடி டாப்ளர் எண் மாதம் ஏற ஏற ஏன் குறைகிறது?

கர்ப்ப காலத்தில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் ரிப்போர்ட்டில் எஸ்/டி என்று ஓர் எண் இருக்கும். கருவின் இதயம் சுருங்கும்போது தொப்புள்கொடித் தமனியில் ரத்தம் பாயும் உச்ச வேகத்தை, அடுத்த துடிப்புக்குச் சற்று முன் மிச்சமிருக்கும் வேகத்தால் வகுத்தால் வருவது அது. எத்தனை மில்லி ரத்தம் போகிறது என்பதை அது சொல்லாது. வழியில் எவ்வளவு தடை என்பதைக் காட்டும்.

தொப்புள்கொடியின் இரண்டு தமனிகளும் கருவிடமிருந்து நஞ்சுக்கொடிக்கு (பிளாசென்டா) ரத்தத்தைக் கொண்டுபோகின்றன. கரு வளர வளர நஞ்சுக்கொடிக்குள் நுண்குழாய்கள் பெருகும். ஒரே வாய்க்கால் பல கிளையாகப் பிரிந்தால் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்காது இல்லையா, அப்படித்தான். இதயம் ஓய்வெடுக்கும் நொடியிலும் ரத்தம் முன்னோக்கி நகர்கிறது. வகுக்கும் அந்த மிச்ச வேகம் கூடுவதால், 20 வாரத்தில் சுமார் 4 ஆக இருக்கும் எண், 30 வாரத்துக்குப் பிறகு பொதுவாக 3-க்குக் கீழே வந்து, பிரசவ சமயத்தில் 2-ஐ ஒட்டி நிற்கும். குறைவது நல்ல சேதிதான்.

கரு மூச்சிழுப்பதுபோல் அசைந்தால் திரையில் அலைகள் ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கும். அது அடங்கும்வரை பொறுத்திருந்துதான் அளக்க வேண்டும். ஸ்கேன் நீள்கிறதே என்று பதறாதீர்கள்.

அப்புறம், கருவின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருக்கிறதா என்பதை இந்த எண் சொல்லும் எனப் பலர் நினைக்கிறார்கள், சொல்லாது.